ஆறாம் மெஷின்காரர்

ஜூன் 3, திங்கள்

காலையில் நான் போவதற்குள் பன்னிரண்டு மெஷின்களின் முதுகிலும் ஒவ்வொரு கறுப்புப் பெட்டியை ஒட்டிவிட்டார்கள். யாரைக் கேட்டு? டயாலிசிஸ் பிரிவுக்குப் பொறுப்பு நர்ஸ் நான். மேலாளர் ஞானதுரை சார் தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். சென்னைக் கம்பெனி ஆட்கள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. ஆயாவும் நானும் இரண்டு முறை தரையைத் துடைத்தோம்.

அவர்களைக் கூட்டிவந்தவன் என் தம்பி செல்வின். அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். அம்பாசமுத்திரத்தில் இப்படி ஒரு டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது என்று சொன்னதும், அதை நடத்தும் டிரஸ்ட்காரர்களிடம் பேசி முடித்ததும் அவன்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டேன். “ஏலே, என் மெஷினை என்னதான் செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலக்கா. டிரஸ்டுக்குப் பணம் வேணும். பேங்குக்குப் போனா இழுத்தடிப்பான். நாங்க என்ன செய்யுதோம், இந்த மெஷினு, அதுல வார வருமானம், எல்லாத்தையும் சின்னச் சின்னப் பங்காப் பிரிச்சு, டோக்கனா பிளாக்செயின்ங்கிற இன்டர்நெட் கணக்குப் பதிவேட்டுல ஏத்திடுதோம். வெளிநாட்டு பென்ஷன் ஃபண்டு, மும்பை இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி பெரிய இடங்கதான் வாங்கும்.”

“கண்ணால பாக்காத மெஷினையா?”

“அதுக்குத்தான் அந்தப் பெட்டி. மெஷின் எப்ப ஓடுது, எப்ப நிக்குது, எல்லாம் தானாப் பதிவாயிரும். சாயங்காலம் நீ கைரேகை வச்சு, இன்னைக்கு இத்தனை சிகிச்சை முழுசா முடிஞ்சுதுன்னு உறுதி சொல்லணும். பதிஞ்சதை யாராலயும் மாத்த முடியாது. அவங்க அங்க இருந்தே பாத்துக்கிடுவாங்க.”

என்னைக் கேட்காமல் என் கட்டைவிரலையும் சேர்த்து விற்றிருக்கிறான். இன்னொரு துண்டு மீன் வேண்டும் என்றான். வைத்தேன்.

ஜூன் 5, புதன்

தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டில் மோட்டார் கோளாறு. மெக்கானிக் வருவதற்குள் முதல் ஷிப்ட் நோயாளிகள் எல்லாரும் கத்தித் தீர்த்துவிட்டார்கள். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 12, புதன்

முப்பிடாதியோடு சண்டை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறாள். திங்கள், புதன், வெள்ளி காலை ஷிப்ட், இரண்டாம் மெஷின். சிறுநீரகம் போனவள் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டாமா? நாலு கிலோ ஏறி வந்து நிற்கிறாள். அத்தனையும் தண்ணீர்.

“இப்படிக் குடிச்சா நெஞ்சுல நீர் கோத்துச் செத்துப் போவே. எங்கிட்ட வந்து அழாத” என்றேன்.

“அடுப்பு முன்னால நீங்க ஒரு மணி நேரம் நின்னு பாருங்க சிஸ்டர். செத்தாலும் பரவாயில்ல, ஒரு செம்பு தண்ணி குடுன்னு நீங்களே கேப்பிய.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆறாம் மெஷின்காரரும் சிரித்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் கேட்க மாட்டார், ஒன்றும் சொல்ல மாட்டார். எல்லாரும் அவரைப் போல இருந்தால் இந்த வேலை எவ்வளவு சுலபம்.

நோயாளிகளில் எனக்குச் செல்லம் என்று யாரும் கிடையாது. முப்பிடாதி கிளம்பும்போது, நாளைக்குக் கடையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் படு என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் வேலையில் சேர்ந்ததுதான்.

ஜூன் 24, திங்கள்

ஞானதுரை சார் கூப்பிட்டார். இனிமேல் நாலு மணி நேரம் கிடையாதாம், மூன்று மணி நேரம்தானாம். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட் ஓடுகிற இடத்தில் நாலு ஓட்ட வேண்டுமாம். முதலீட்டாளர்களுக்கு இத்தனை சிகிச்சை நடக்கும் என்று டிரஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறதாம்.

“சார், நாலு மணி நேரம் ஓடுனாத்தான் ரத்தம் ஒழுங்கா சுத்தமாகும். உடம்புல நிக்கிற தண்ணிய அவசரமா இழுத்தா பிரஷர் இறங்கிரும். இழுக்காம விட்டா மூச்சு முட்டும்.”

“டாக்டரே கையெழுத்துப் போட்டுட்டாரு சிஸ்டர். தற்காலிகம்தான்.”

திருநெல்வேலியில் இருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற டாக்டர். அவருக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் கத்தினேன். அறைக்கு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். பிறகு போய் ஷிப்ட் அட்டவணையை மாற்றி எழுதி ஒட்டினேன். வேறு யார் செய்வார்கள்? அரைகுறையாக எவளாவது செய்து வைப்பதற்கு நானே செய்வது மேல். சாயங்காலம் கைரேகை வைத்தேன். திரையில் ‘ஜெசிந்தா’ என்று என் பேரோடு பச்சை விளக்கு எரிந்தது.

ஜூலை 3, புதன்

செல்வினுக்குப் போன் போட்டுத் திட்டினேன். வாய் வலிக்கத் திட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்கிறான்:

“அக்கா, அது ஒப்பந்தத்துலயே இருக்கு. சொன்ன எண்ணிக்கைக்குக் கீழ போனா, அந்த மெஷினை மதுரை சென்டருக்கு மாத்தச் சொல்லி நோட்டீஸ் தானா வந்துரும். மனுசன் யாரும் முடிவு எடுக்கல. நான் சொன்னாலும் நிக்காது, எங்க எம்.டி. சொன்னாலும் நிக்காது.”

“அப்பம் யாருகிட்டத்தாம்லே நான் சண்டை போட?”

“அதான் சொல்லுதேன்லாக்கா. யாரும் இல்ல.”

இருபத்தைந்து வருஷ வேலையில் டாக்டரோடு, மேலாளரோடு, டிரஸ்ட் தலைவரோடு எல்லாம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். முகமே இல்லாத ஒன்றோடு எப்படி மல்லுக்கு நிற்பது? துவைத்த துணியை மறுபடியும் துவைத்துப் போட்டேன்.

ஜூலை 10, புதன்

முப்பிடாதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிற்க முடியவில்லை. உதடு கறுத்துப் போயிருந்தது. மெஷினில் போட்டு மூன்று மணி நேரம் முடிந்தும் மூச்சு சீராகவில்லை. அப்படியே இறக்கி அனுப்ப நான் என்ன கசாப்புக் கடையா வைத்திருக்கிறேன்? கூட அரை மணி நேரம் ஓடவிட்டேன்.

அடுத்த ஷிப்டில் இரண்டாம் மெஷினுக்கு வரவேண்டியவர் வந்து நின்று சத்தம் போட்டார். எப்போதும் அரை மணி நேரம் பிந்தித் தொடங்கும் ஆறாம் மெஷினைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, அவரை இறக்கிவிட்டு, இவரை அங்கே போட்டேன். ஆறாம் மெஷின்காரர், “முடிஞ்சுதா சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். முடிந்தது என்றேன்.

முப்பிடாதி போகும்போது நடந்து போனாள். அது போதும்.

ஜூலை 19, வெள்ளி

இன்றும் அப்படித்தான். முப்பிடாதிக்குக் கூடுதல் நேரம் ஓட்ட வேண்டியிருந்தது. புதன்கிழமையும் அப்படித்தான். எங்கிருந்தாவது எடுத்துத்தானே கொடுக்க வேண்டும்? கத்துகிறவர்களிடம் எடுக்க முடியாது.

ஆறாம் மெஷின்காரரின் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இன்று கதவு வரை வந்து, “இன்னைக்கும் சீக்கிரம் முடிஞ்சிட்டோ?” என்று கேட்டார். ஆளுக்கு ஆள் உடம்பு வேறல்லவா என்று சொன்னேன். தலையாட்டினார்.

ஞானதுரை சார் கேக் வாங்கி வந்தார். எங்கள் சென்டரின் எண்ணிக்கைதான் எல்லா ஊரையும் விட முன்னால் இருக்கிறதாம். நான் தொடவில்லை. ஆயாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

ஆறாம் மெஷின் காலியாக இருந்தது. போன் போட்டேன். மனைவிதான் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டி, திருநெல்வேலிக்கு ஆட்டோவில் கொண்டுபோகும் வழியிலேயே, சேரன்மகாதேவி தாண்டி, போய்விட்டார்.

பெயர் சங்கரபாண்டியன். இரண்டு வருஷமாக வந்தவர்.

காலி மெஷினைப் பார்த்து ஞானதுரை சார் கேட்ட முதல் கேள்வி, “வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து யாரையாவது போட்டாச்சா?” கையில் ஸ்டீல் டிரே இருந்தது. அதை மேஜையில் வைத்த வேகத்தில் ஊசியெல்லாம் சிதறிவிட்டது. கொலைகாரப் பயல்கள். எல்லாரும் சேர்ந்து கொன்றுவிட்டார்கள். கறுப்புப் பெட்டிக்காரன், ஒப்பந்தக்காரன், கையெழுத்துப் போட்ட டாக்டர், எங்கேயோ உட்கார்ந்து பச்சை விளக்கை எண்ணுகிறவன், எல்லாரும்.

ஜூலை 30, செவ்வாய்

சங்கரபாண்டியன் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டு வந்தேன். மனைவி பெயர் கோமதி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீக்கிரம் எழுந்துவிட்டேன்.

வந்ததும் செல்வினைக் கூப்பிட்டேன். “ஒரு ஆளைக் கொன்னுட்டியலே. திருப்தியா?” என்றேன். என்னென்னவோ சொன்னேன். நம் அம்மா உயிரோடு இருந்தால் உன்னைச் செருப்பால் அடித்திருப்பாள் என்றும் சொன்னேன்.

அவன் மெதுவாக, “நானும் பதிவைப் பாத்தேன்க்கா. மத்தவங்களுக்கெல்லாம் மூணு மணி நேரம் ஓடியிருக்கு. ஆறாம் மெஷின் காலை ஷிப்டு மட்டும் ரெண்டரை. மூணு வாரமா அப்படித்தான். அதை எங்க கம்பெனி குறைக்கல. முழுசா முடிஞ்சுதுன்னு கைரேகை வச்சதும் எங்க கம்பெனி இல்ல” என்றான்.

போனை வைத்துவிட்டேன். அவன் யார் எனக்குச் சொல்ல? பத்து வயது வரை நான் தலை சீவிவிட்ட பயல்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று கைரேகை வைக்கவில்லை என்று ஞானதுரை சார் கத்தினார். இன்று இரண்டு நாளைக்கும் சேர்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதலீட்டாளர்கள் நேரில் வந்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார் ஞானதுரை சார். வெளிநாட்டு பென்ஷன் ஃபண்டில் இருந்து ஓர் அம்மாள், மும்பை இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஒருவர். கூட, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு செல்வின். சுவரில் பெரிய திரை வைத்து, பச்சைப் புள்ளிகளாக எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாள் நல்ல மாதிரி. வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். அங்கே ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்களின் பணத்தைத்தான் இப்படி முதலீடு செய்கிறார்களாம். என் பக்கம் திரும்பி, சிகிச்சை எல்லாம் நன்றாக நடக்கிறதா என்று கேட்டார். செல்வின் தமிழில் சொன்னான். ஞானதுரை சார் என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

நான் தமிழில் சொன்னேன். “நாலு மணி நேரம் ஓட வேண்டியதை மூணு மணி நேரமாக் குறைச்சாச்சு. உங்களுக்கு எண்ணிக்கை காட்டணும்னுதான். போன மாசம் ஒருத்தர் செத்துட்டாரு.”

செல்வின் ஆங்கிலத்தில் சொன்னான்: நோயாளிகள் அதிகம் என்பதால் நேரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துகிறார்கள், சவால்கள் உண்டு, இவர்கள் மிகுந்த அர்ப்பணிப்போடு வேலை செய்கிறார்கள்.

நர்ஸுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டானா? அல்லது தெரிந்தும் நான் விட்டுவிடுவேன் என்று நினைத்தானா? காது இரண்டும் எரிந்தது.

“மேடம்” என்றேன். “ஹி இஸ் நாட் டெல்லிங் கரெக்ட். நாட் ஃபோர் அவர்ஸ். ஒன்லி த்ரீ. சம் டைம்ஸ் லெஸ். ஒன் பேஷன்ட் டைடு. யூ ஓப்பன் த டைம். டோன்ட் சீ நம்பர். சீ டைம்.”

இரண்டாம் மெஷினில் படுத்திருந்த முப்பிடாதி, “அப்படிப் போடுங்க சிஸ்டர்” என்றாள்.

அந்த அம்மாள் திரையைக் காட்டி செல்வினிடம் ஏதோ கேட்டார். அவன் முகம் வெளிறிவிட்டது. லேப்டாப்பில் எதையோ தட்டினான். பச்சைப் புள்ளிகள் போய், ஒவ்வொரு மெஷினும் ஓடத் தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் வரிசையாக வந்தன. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. செல்வினைத் தவிர ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை. மும்பைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாசலில் வைத்துச் செல்வின் என்னைப் பிடித்துக்கொண்டான். “என் வேலையையே காலி பண்ணிட்டேக்கா. சந்தோஷமா?”

“நான் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா நான் ஏம்லே வாயைத் திறக்கப் போறேன்?”

வாழைமரத்தில் இடித்துக்கொண்டு போனான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பொறுப்பு நர்ஸ் பதவியில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி எல்லாரையும் போல நானும் ஒரு நர்ஸ். கைரேகைக்கு வேறொரு பெண். கேட்டதற்கு, நிர்வாகக் காரணம் என்றார் ஞானதுரை சார். என் பேனாவை அவர் மேஜையில் இருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

ஒப்பந்தத்தைத் திருத்திவிட்டார்கள். இனி எண்ணிக்கைக்குப் பணம் இல்லை, மெஷின் ஓடும் நேரத்துக்குத்தான். நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் சேராது. அந்த ஃபண்டில் இருந்து வந்த அறிக்கையின் நகலை ஒட்டியிருக்கிறார்கள். முழுக்கப் படித்தேன். ‘செயல்பாட்டு அபாயம் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது’ என்று இருக்கிறது. அபாயமாம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஓர் இடத்தில்கூட இல்லை.

முப்பிடாதி இரண்டு பொட்டலம் பரோட்டா கொண்டுவந்து கொடுத்தாள். எடை இரண்டரை கிலோதான் ஏறியிருந்தது. “நீங்க மட்டும் இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன் சிஸ்டர்” என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

பல நாளைக்குப் பிறகு செல்வின் பேசினான். வேலை போகவில்லையாம். மாறாக, மும்பையில் பெரிய கருத்தரங்கம். எங்கள் சென்டரைத்தான் உதாரணமாகக் காட்டப் போகிறார்களாம். தவறு நடந்தால் பதிவே காட்டிக் கொடுத்துவிடும், பெரிய முதலீட்டாளர்கள் நம்பி வரலாம் என்று.

“எங்க எம்.டி. உன்னையும் கூப்பிடுதாருக்கா. மேடையில ரெண்டு நிமிசம் பேசுனா போதும். ஃபிளைட் டிக்கெட் போட்டுத் தருவாங்க.”

“பதிவு காட்டிக் குடுத்துச்சா? அந்த ஆளு செத்த பெறவும் ரெண்டு வாரம் அது பச்சையாத்தாம்லே எரிஞ்சிட்டு இருந்துது. அவரைக் காட்டியா யாவாரம் பாக்கிய?”

மேற்கொண்டு நான் சொன்னதை இங்கே எழுதக் கூடாது.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போகக் கிளம்பியவள் கோமதி அம்மா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பூசைக்கு இருந்துவிட்டுப் பிறகு போயிருக்கலாம்.

சுவரில் சங்கரபாண்டியன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மெஷினில் படுத்தபடி சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. கோமதி அம்மா தண்ணீர் கொடுத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். “எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசுதாக. வெள்ளக்காரிகிட்டயே உண்மையச் சொல்லிட்டியளாம்லா” என்றார்.

வாயைத் திறந்தேன். முப்பிடாதியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குக் கூடுதல் நேரம் ஓட்டியதைச் சொன்னேன். யாரிடம் இருந்து எடுத்து ஓட்டினேன் என்பதையும் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றார். “அவுக வந்து சொல்லுவாக. இன்னைக்கும் சீக்கிரம் இறக்கிட்டாவ, கேக்கக் கூச்சமா இருக்குன்னு. நான் கேட்டதுக்கு ஆளுக்கு ஆளு உடம்பு வேறன்னு சொன்னியளே, அதையும் மறக்கல. நீங்களா வந்து சொல்லுதியளான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

“என்னைக்கு என்னைக்கு, எவ்வளவு குறைச்சிய? அது மெஷின்ல இருக்குமாம்லா. எனக்கு அது வேணும்.”

செப்டம்பர் 23, திங்கள்

செல்வினிடம் கேட்டேன். திட்டவில்லை, கேட்டேன். சங்கரபாண்டியனின் பதிவை அவர் மனைவிக்குக் கொடு என்று.

“முடியாதுக்கா. டோக்கன் வச்சிருக்கிறவங்க மட்டும்தான் உள்ள போய்ப் பாக்க முடியும்.”

“சரி, அந்தம்மாவை ஒரு டோக்கன் வாங்கச் சொல்லுதேன். நான் காசு தாரேன்.”

“தனி ஆளுக்குக் குடுக்கவே மாட்டாங்க. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான். விதியே அப்படி.”

“அவரு உடம்புல ஓடுன ரத்தம்லே. அந்தக் கணக்கை எவனோ பாக்கலாம், பொண்டாட்டி பாக்கக் கூடாதா?”

இந்தத் தடவை போனை முதலில் வைத்தது அவன்.

அக்டோபர் 6, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் செல்வின் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். மும்பைக்குப் போகவில்லையாம். “அந்தம்மா வீடு எங்கக்கா?” என்றான். தோளில் லேப்டாப் பை.

“உன் வேலை போயிராதா?”

“யாரு திறந்தாங்கன்னு அதுலயே பதிவாயிரும். நாளைக்குள்ள தெரிஞ்சிரும்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சேலையை மாற்றிக்கொண்டு கூடப் போனேன்.

கோமதி அம்மா பாய் விரித்தார். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். “பிரிண்ட் எடுக்க விடாதும்மா. நான் வாசிக்கேன்” என்றான். மேடையில் பேசுகிற குரல் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிப்பானே, அந்தக் குரல்.

தேதி. ஆறாம் மெஷின். தொடங்கிய நேரம். நிறுத்திய நேரம். முழுமையாக முடிந்தது என்று உறுதி செய்தவர்: ஜெசிந்தா.

அடுத்த தேதி. ஜெசிந்தா. அதற்கடுத்த தேதி. ஜெசிந்தா.

கோமதி அம்மா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் அவர் உதடு அசைந்தது. அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, கணவர் என்ன சாப்பிட்டார், எப்படி மூச்சு விட்டார் என்று நினைத்திருக்கலாம்.

நாலைந்து தேதிக்குப் பிறகு செல்வின் நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். பேரை விட்டுவிட்டு வாசிக்கட்டுமா என்று கேட்கிற பார்வை. சின்ன வயதில் நான் அடி வாங்கும்போது இப்படித்தான் பார்ப்பான்.

கோமதி அம்மா கண்ணைத் திறந்தார். “ஏன் தம்பி நிறுத்திட்டிய? பேரோட வாசிங்க” என்றார்.

நான் தலையாட்டினேன். அவன் வாசித்தான். கடைசி தேதி வரைக்கும் நான் அந்தப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.